கிராஃப் தாளில் யார் கை?

கேள்வி: என் மகன் பொறியியல் கல்லூரியில் ஈசிஇ இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மூன்றாம் செமஸ்டரில் ‘எலக்ட்ரானிக் டிவைசஸ் அண்ட் சர்க்யூட்ஸ்’, ‘சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்’ இரண்டிலும் அரியர். லேபில் மட்டும் தொண்ணூறுக்கு மேல் வாங்கியிருக்கிறான். நேரமே போதவில்லை என்பதால் ரெக்கார்டு நோட்டை நான் எழுதிவிடுவேன், கிராஃபை மகள் போட்டுக் கொடுப்பாள். அவள் பிளஸ் டூ, கை சுத்தம். பாடத்திட்டமே பழசு, 45,000 ரூபாய் கட்டி சாஃப்ட்வேர் கோர்ஸில் சேர்த்துவிடுங்கள் என்கிறான். வளையலை அடகு வைத்துக் கட்டலாமா? — ஒரு தாய், விழுப்புரம்.

பதில்: வளையல் கையிலேயே இருக்கட்டும் அம்மா. உங்கள் மகள் போட்டுக் கொடுத்த கிராஃபைப் பற்றிப் பேசுவோம்.

அவற்றில் ஒன்று செமி-லாக் தாளில், அதாவது ஒரு அச்சு மட்டும் 10, 100, 1000 என்று பத்து மடங்காக ஏறும் தாளில் இருந்திருக்கும். இடப்பக்கம் ஏறி, நடுவில் மேடை போலச் சமமாக ஓடி, வலப்பக்கம் சரிகிற கோடு. அது காமன் எமிட்டர் ஆம்ப்ளிஃபயர் என்ற, சிறு சிக்னலைப் பெருக்கும் டிரான்சிஸ்டர் சர்க்யூட்டின் அதிர்வெண் வரைபடம். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பெருக்குகிறது என்பதை அது காட்டும். ஏன் இடப்பக்கம் சரிகிறது, ஏன் வலப்பக்கம் சரிகிறது என்று விளக்குவதுதான் உங்கள் மகன் தோற்ற முதல் பாடத்தின் முக்கியமான கேள்வி. அதே கோட்டைக் கணக்கில் எழுதுவது அவன் தோற்ற இரண்டாவது பாடம். அவன் அரியர் வைத்த இரண்டு பாடங்களும் ஒரே தாளில் இருந்தன. அந்தத் தாளில் பென்சில் பிடித்தது அவன் தங்கை.

லேபில் தொண்ணூறு என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் லேபுக்கு அக மதிப்பெண் 60, தேர்வுக்கு 40. தியரியில் இது தலைகீழ். அகத்துக்கு 40, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 60. ரெக்கார்டு அழகாக இருந்தால் லேபில் கரையேறிவிடலாம். தேர்வறையில் உங்கள் கையெழுத்தும் மகளின் கிராஃபும் உடன் வருவதில்லை. அந்தத் தொண்ணூறில் பாதி உங்கள் இருவருடையது.

அந்த ஒரு சோதனையை அவன் தனியாக, முதலிலிருந்து செய்யட்டும். பிசி 547 டிரான்சிஸ்டர், 82 கிலோ ஓம், 18 கிலோ ஓம், 5.6 கிலோ ஓம், 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு, 100 மைக்ரோஃபாரட் ஒன்று, சாலிடர் வைக்காமல் பாகங்களைச் செருகும் துளைப்பலகையான பிரெட்போர்டு ஒன்று, ஒரு சாதாரண மல்டிமீட்டர். சென்னை ரிச்சி தெருவில் எல்லாமே ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். பழைய செட்-டாப் பாக்ஸ் அடாப்டர் வீட்டில் கிடந்தால், 12 வோல்ட் டிசி என்று அதில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதையே பயன்படுத்தலாம்.

தட்டையான முகம் தன்னைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி டிரான்சிஸ்டரைப் பிடித்தால் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். சிக்னல் எதுவும் கொடுக்காமல் முதலில் டிசி மட்டும் அளக்க வேண்டும். பேஸில் 2 வோல்ட், எமிட்டரில் 1.3, கலெக்டரில் 6. இதற்குப் பக்கத்தில் வந்தால் சர்க்யூட் சரி. கலெக்டரில் முழு 12 வோல்ட் இருந்தால் டிரான்சிஸ்டர் வேலையே செய்யவில்லை. 82 கிலோ ஓம் சரியாகச் செருகப்படவில்லை அல்லது கால்கள் மாறியிருக்கின்றன. கலெக்டரும் எமிட்டரும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜ் காட்டினால் 18 கிலோ ஓம் பக்கம் இணைப்பு விட்டிருக்கிறது. நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்துப் பவர் வரிசை நடுவில் அறுந்திருக்கும். ஒரு பாதிக்கு மின்சாரமே போகாது. இதைத் தெரியாமல் அரை நாளைத் தொலைக்கிற மாணவர்கள் நிறையப் பேர்.

அடுத்த பகுதிக்குக் கல்லூரி லேபும், அலையைத் திரையில் காட்டும் சிஆர்ஓவும் வேண்டும். மலிவான மல்டிமீட்டரின் ஏசி அளவு, அதிர்வெண் ஏறினால் நம்பத்தக்கதல்ல. இன்புட் 10 மில்லிவோல்ட்டுக்கு மேல் வேண்டாம். சிக்னல் தரும் ஃபங்ஷன் ஜெனரேட்டர் அவ்வளவு கீழே இறங்காவிட்டால் 10 கிலோ ஓமும் 100 ஓமும் தொடராக வைத்து, 100 ஓமின் மேலிருந்து எடுத்தால் 1 வோல்ட் ஏறக்குறைய 10 மில்லிவோல்ட் ஆகும். இந்த ஆம்ப்ளிஃபயரின் பெருக்கம் கணக்குப்படி 200க்கு மேல் போகும். அதனால் 50 மில்லிவோல்ட் கொடுத்தால் அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். பெருக்கம் வெறும் 4, 5 என்று வந்தால் எமிட்டரில் உள்ள 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இணைப்பில் இல்லை என்று அர்த்தம்.

இப்போது அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு 10 மைக்ரோஃபாரட் போட்டு மறுபடியும் ரீடிங் எடுக்கச் சொல்லுங்கள். சுமார் 65 ஹெர்ட்ஸில் இருந்த இடப்பக்கச் சரிவு 660 பக்கம் நகர்ந்துவிடும். தன் கையால் ஒரு பொருளை மாற்றி, கோடு நகர்வதைக் கண்ணால் பார்த்தவனுக்கு அது ஆயுளுக்கும் மறக்காது. மகள் போட்ட தாளில் இந்த இரண்டாவது கோடு இருந்திருக்க வழியே இல்லை. பார்த்துப் போடுகிற சீனியரின் ரெக்கார்டில் ஒரு கோடுதான் இருக்கும்.

தாளிலும் தவறு செய்வார்கள். லாக் அச்சில் பூஜ்யம் கிடையாது, 10 ஹெர்ட்ஸில்தான் தொடங்க வேண்டும். பெருக்கத்தை லாக் கணக்கில் சொல்லும் அளவு டெசிபெல். நடுப்பகுதி 47 டெசிபெல் என்றால் 44இல் கிடைக்கோடு போட்டு, அது வளைவை வெட்டும் இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்டதுதான் பேண்ட்விட்த். இன்புட் அலையை மேல் உச்சியிலிருந்து கீழ் உச்சி வரையும், அவுட்புட் அலையை நடுக்கோட்டிலிருந்து உச்சி வரை மட்டும் அளந்தால் மொத்தமும் 6 டெசிபெல் தவறும்.

இந்தக் கோடு இத்தோடு அவனை விடப்போவதில்லை. மூன்றாம் செமஸ்டர் கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் போடே பிளாட் என்ற பெயரில் இதே மாதிரி வரைபடமாக வந்தது. இப்போது படிக்கிற நான்காம் செமஸ்டரில் லீனியர் இன்டக்ரேட்டட் சர்க்யூட்ஸில் 741 ஆப்-ஆம்ப் என்ற ஆம்ப்ளிஃபயர் சிப்பின் பேண்ட்விட்த்தாகவும், டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்கில் ஃபில்டராகவும் வரும். அரியர் இரண்டு என்று எண்ணுகிறீர்கள். அவற்றின் மேல் நிற்கிற பாடங்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

பாடத்திட்டம் பழசு என்கிறானே, அவன் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். பைதான் முதல் செமஸ்டரிலேயே வந்துவிட்டது. சி-யும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் மூன்றாவதில். ஐந்தாவதில் சிப் வடிவமைப்பைச் சொல்லித் தரும் விஎல்எஸ்ஐ, ஆறாவதில் எம்பெடட் சிஸ்டம்ஸும் செயற்கை நுண்ணறிவும் காத்திருக்கின்றன. 45,000 ரூபாய் கோர்ஸில் சொல்லித் தரப்போவதில் பெரும்பகுதிக்கு ஏற்கெனவே ஃபீஸ் கட்டியிருக்கிறீர்கள். அதைப் படிக்காதவன் இதை மட்டும் படிப்பான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இரண்டு அரியரும் முடிந்தபின் கேட்டால் பேசலாம்.

சிக்னல்ஸ் பாடத்தில் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது ஃபூரியரிலோ லாப்லாஸிலோ அல்ல. பகுதிப் பின்னங்கள், பகுதித் தொகையிடல், கலப்பு எண்களின் துருவ வடிவம், இந்த மூன்றில்தான். மூன்றுமே பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்கு. பத்து நாள் இவற்றை மட்டும் போடட்டும். பிறகு கன்வல்யூஷனை, அதாவது ஒரு சிக்னலைத் திருப்பி இன்னொன்றின் மேல் நகர்த்திப் பெருக்கிக் கூட்டுகிற கணக்கை, படம் வரைந்தே பழக வேண்டும், சூத்திரத்தில் தொடங்கினால் எல்லை மாறுகிற இடத்தில் குழம்பும். தேர்வில் 2 மதிப்பெண் கேள்வி பத்து, 13 மதிப்பெண் ஐந்து, 15 மதிப்பெண் ஒன்று. இரண்டு மதிப்பெண் பகுதியை விடாமல் எழுதி, 13இல் மூன்று கணக்கை முழுதாக முடித்தாலே கரை சேரலாம்.

இனி மகளைப் பற்றி. இன்னும் சில வாரங்களில் பொதுத்தேர்வு எழுத வேண்டிய பெண்ணை, அண்ணனின் ரெக்கார்டுக்குப் புள்ளி வைத்துக்கொண்டு உட்கார வைத்திருக்கிறீர்கள். அதை ஒரு தவறாகக்கூட நினைக்காமல் ‘கை சுத்தம்’ என்று பாராட்டி எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு நேரமில்லை என்கிறீர்கள். அவளுக்கு எங்கிருந்து வந்தது நேரம்? அண்ணனுக்குத் தங்கை உதவுவது குடும்பம். தங்கையின் நேரத்தை எடுத்து அண்ணனின் சோம்பலுக்குக் கொடுப்பது குடும்பம் அல்ல, அநியாயம். நாளைக்கு அவள் அரியர் வைத்தால் இவன் உட்கார்ந்து அவளுக்கு ரெக்கார்டு எழுதுவானா? நீங்கள்தான் எழுத விடுவீர்களா?

இன்றைக்கே ரெக்கார்டு நோட்டை அவன் மேசையில் வைத்துவிடுங்கள். ரீடிங் அவன் எடுக்கட்டும், புள்ளி அவன் வைக்கட்டும். முதல் இரண்டு மூன்று சோதனைகள் தாமதமாகும், கையெழுத்து கோணலாக இருக்கும், அக மதிப்பெண்ணில் சில குறையும். குறையட்டும், நீங்கள் பேனாவைத் தொடாதீர்கள். கணவரிடமும் சொல்லிவைத்துவிடுங்கள், இரக்கப்பட்டு அவர் எடுத்துக்கொள்ளக் கூடும்.

பொதுத்தேர்வு முடிகிற வரை மகளின் மேசைப் பக்கம் அவன் போகக் கூடாது. முடிந்ததும் அவளுடைய கணக்குப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளட்டும். கலப்பு எண்களில் சந்தேகம் வந்தால் அவளிடமே கேட்கட்டும். அவளுக்கு அப்போது புத்தம் புதிதாக நினைவிருக்கும்.