கோயில் லெட்டர்ஹெட்டில் மூன்று மொழி

அன்புள்ள அண்ணா,

பர்மாவில், மோல்மீனில் எங்கள் கோயில் கமிட்டிக்கு எழுத்து வேலை முழுக்க நான்தான் பார்க்கிறேன். லெட்டர்ஹெட், ரசீது, பங்குனி உத்திர நோட்டீஸ், தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ், எல்லாவற்றிலும் தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். நெட்டிலிருந்து டெம்ப்ளேட் இறக்கித்தான் செய்கிறேன். ஆங்கிலத்தில் பார்க்கும்போது பெரிய கம்பெனிக் கடிதம் போல இருக்கிறது, நம் எழுத்தைப் போட்டதும் சந்தைக்கடை ஆகிவிடுகிறது. போதாததற்குப் பொருளாளர் ஒரு வரி மாற்றினால் எல்லாம் கலைந்துபோகிறது. டிசைன் படிக்காதவர்கள் இதை ஒழுங்காகச் செய்ய வழி உண்டா?

ஒரு வாசகி, மோல்மீன்

அன்புள்ள தங்கைக்கு,

வழி உண்டு. முதலில் அந்த டெம்ப்ளேட்டை ஒரு தடவை கிட்டத்தில் பாருங்கள். தலைப்பு முழுக்கக் கேப்பிட்டல் எழுத்து, எழுத்துக்கு எழுத்து நல்ல இடைவெளி, மெல்லிய ஃபான்ட், துணைத்தலைப்பு சாய்வெழுத்து. அதன் அழகு பெரும்பாலும் இந்த நான்கில்தான் இருக்கிறது, நமக்கு இதில் ஒன்றும் உதவாது. தமிழிலும் பர்மியத்திலும் கேப்பிட்டல் கிடையாது. சாய்வெழுத்து நம் அச்சு மரபில் இல்லை, வேர்டில் இத்தாலிக் பட்டனை அமுக்கினால் எழுத்தைப் பிடித்துத் தள்ளியதுபோலச் சாயும். எழுத்து இடைவெளியைக் கூட்டினால் 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், க நடுவில், கால் இன்னொரு பக்கம் என்று பிய்ந்து நிற்கும். மெல்லிய ஃபான்ட் ஜெராக்ஸில் பாதி காணாமல் போகும்.

மிச்சம் இருப்பது அளவு, தடிமன், வெற்றிடம், இடம். இது போதும், தாராளமாகப் போதும். தலைப்பு 18 பாயிண்ட், உடல், அதாவது கடிதத்தின் விஷயம், 11, அடியில் முகவரி 9 என்று மூன்றே அளவு வைத்துக்கொள்ளுங்கள். 13-க்கும் 14-க்கும் உள்ள வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது, தவறுதலாக மாறிவிட்டதோ என்றுதான் தோன்றும். வேறாகத் தெரியவேண்டியது நன்றாகவே வேறாகத் தெரியட்டும்.

உங்கள் தாள் சந்தைக்கடை ஆவதற்கு நான் நினைக்கும் காரணம் வேறு. மூன்று மொழிக்கும் சம இடம் கொடுக்கிறீர்கள். கோயில் பெயர் மூன்று எழுத்திலும் ஒரே அளவு, மூன்றும் போல்ட், மூன்றும் நடுவில். கண் எங்கே முதலில் போவது? ஒவ்வொரு தாளுக்கும் ஒரு மொழியை முன்னே நிறுத்துங்கள். டவுன்ஷிப் ஆபீசுக்குப் போகும் கடிதம் என்றால் பர்மியம் பெரிது, மற்ற இரண்டும் அதன்கீழே சிறிதாக, போல்ட் இல்லாமல். உத்திர நோட்டீஸ் என்றால் தமிழ் முன்னே. கமிட்டியில் பெரியவர்கள் "தமிழைச் சின்னதாக்கிவிட்டாயே" என்று கேட்பார்கள், கேட்கட்டும். நோட்டீஸில் தமிழ் எவ்வளவு பெரிதாக நிற்கிறது என்று காட்டுங்கள், சமாதானம் ஆகிவிடுவார்கள். ஆகாவிட்டாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம், நடுவில் நிறுத்துவதை நோட்டீஸ் தலைப்போடும் சான்றிதழோடும் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் இடது ஓரத்திலிருந்து தொடங்கட்டும். பெயர், தேதி, பெறுநர், கையெழுத்து எல்லாம் அதே ஒரு கோட்டில் விழுந்தாலே பாதி ஒழுங்கு வந்துவிடும். இரு பக்கமும் சமமாக இழுக்கும் ஜஸ்டிஃபை வேண்டாம். 'பொறுப்பாளர்களிடமிருந்து' போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்குப் போனால், விட்டுப்போன வரியில் மாடு புகும் அளவுக்குச் சந்து விழும். பர்மியத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே விடுவதில்லை என்பதால், வரி எங்கே உடைகிறது என்று படித்துப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

இறக்கிய டெம்ப்ளேட்டில் வரி இடைவெளியையும் பாருங்கள். சிலவற்றில் 'எக்ஸாக்ட்லி' என்று, வரியின் உயரம் கூடாமல் குறையாமல் பூட்டி வைத்திருப்பார்கள். ஆங்கிலத்துக்குச் சரி. பர்மியத்தில் பாலியிலிருந்து வந்த சொற்களில் எழுத்துக்குக் கீழே எழுத்து அடுக்கி வரும், அந்த அடி எழுத்தின் கால் வெட்டுப்படும். 'மல்டிபிள்' தேர்ந்து 1.3 கொடுங்கள், குறைவாகத் தெரிந்தால் கூட்டுங்கள்.

ஃபான்டுக்கு நோட்டோ சான்ஸ் குடும்பம் போதும். இலவசம், மூன்று எழுத்துக்கும் இருக்கிறது, தடிமன் ஒத்துப்போகும். ஆனால் 11 என்றால் மூன்றும் ஒரே உயரத்தில் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு வரி அச்செடுத்துக் கண்ணால் பார்த்து அரை பாயிண்ட் கூட்டிக் குறையுங்கள். பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டும்போதும் கவனம் வேண்டும். பர்மியம் யூனிகோடுக்கு மாறுவதற்கு அரசு குறித்த நாள் 2019 அக்டோபர் 1, அதற்கு முந்தைய கமிட்டிக் கோப்புகள் யூனிகோடோடு ஒத்துப்போகாத ஜாவ்ஜி என்ற பழைய ஃபான்ட் முறையில் இருக்க வாய்ப்பு அதிகம். தமிழில் பழைய பாமினி ஃபான்ட் எப்படியோ அப்படி. முதலில் மாற்றியில் போட்டு மாற்றுங்கள், பிறகு ஒட்டுங்கள்.

பொருளாளர் விஷயம். அவர்மேல் குற்றமில்லை. தலைப்பைத் தேர்ந்து கையால் பெரிதாக்கி, இடத்துக்காக என்டர் தட்டித் தட்டி நகர்த்தியிருப்பீர்கள், அது யார் தொட்டாலும் கலையும். வேர்டில் ஸ்டைல்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதில் 'தமிழ் உடல்', 'பர்மிய உடல்', 'தலைப்பு' என்று தனித்தனியே செய்து, அளவு, ஃபான்ட், பத்திக்கு முன்னும் பின்னும் விடும் இடம் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வையுங்கள். கோயில் பெயரும் முகவரியும் ஹெடருக்குள், அதாவது தாளின் மேல் ஓரத்துக்கென்று வேர்டில் தனியே இருக்கும் பகுதிக்குள், போகட்டும். சேமிக்கும்போது 'வேர்ட் டெம்ப்ளேட்' என்று தேர்ந்தால், அவர் இரட்டைக் கிளிக் செய்யும் ஒவ்வொரு முறையும் புதுத் தாள் திறக்கும், மூலக் கோப்பு அப்படியே இருக்கும். ஆப்ஷன்ஸில் 'சேவ்' பகுதிக்குப் போய் ஃபான்டைக் கோப்போடு சேர்க்கும் பெட்டியில் டிக் போட்டுவிடுங்கள். வெளியே அனுப்புவதைப் பிடிஎஃப்பாக அனுப்புங்கள்.

ரசீதில் தொகை எல்லாம் வலது ஓரத்தில் நிற்க வேண்டும், பர்மிய எண்ணா நம் வழக்கமான எண்ணா என்று ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். நோட்டீஸில் முருகன் படத்தை மங்கலாக எழுத்துக்குப் பின்னால் போடும் வழக்கத்தை விட்டுவிடலாம். ஜெராக்ஸில் சாம்பல் திட்டுதான் விழும், முருகனுக்கும் மரியாதை இல்லை. மேலே ஓரமாக, சிறிதாக, தெளிவாக இருக்கட்டும். சான்றிதழுக்குப் பார்டர் வேண்டும் என்றால் ஒரே கோடு, தாளின் விளிம்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி. விளிம்பை ஒட்டிப் போட்டால் கடைப் பிரின்டரில் ஒரு பக்கம் வெட்டுப்படும்.