கேள்வி-பதில்: தென்னாப்பிரிக்க வாசகர்களின் வீட்டு ஸ்டூடியோவுக்கு மலிவான கண்டென்சர் மைக்

கேள்வி: தேவாரம் பாடிப் பதிவு செய்ய ஆசை. 3,000 ரேண்டுக்குள் நல்ல கண்டென்சர் மைக் எது? என்னிடம் லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது. – சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: முழுப் பணத்தையும் மைக்குக்கே கொடுத்துவிடாதீர்கள். எக்ஸ்எல்ஆர் (மூன்று பின்) இணைப்புள்ள கண்டென்சர் மைக் வேலை செய்ய 48 வோல்ட் ஃபாண்டம் பவர், அதாவது கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம், வேண்டும். லேப்டாப்பின் ஹெட்போன் துளை அதைத் தராது, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டிதான் தரும். அதனால் முதலில் இன்டர்ஃபேஸ், 3 மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள், ஆடாத ஸ்டாண்ட், வாய்க் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் ஆகியவற்றின் விலையைக் கூட்டுங்கள். மிச்சம் இருப்பதுதான் மைக்குக்கான பணம். இன்டர்ஃபேஸில் பெரிங்கர் யூஎம்2 எளிமையானது, 48 வோல்ட் தரும். மைக்கில் ஆடியோ-டெக்னிகா ஏடி2020, ஏகேஜி பி120 இரண்டும் ஒரு குரலுக்குத் தாராளம். கணக்கு இடித்தால் யூஎஸ்பி மைக் வாங்கலாம், அதற்கு இன்டர்ஃபேஸ் வேண்டாம். ஆனால் நாளைக்கு மிருதங்கத்துக்கு இன்னொரு மைக் சேர்க்க நினைத்தால் ஒரே கணினியில் இரண்டு யூஎஸ்பி மைக்கை இணைத்துப் பதிவது பெரும் தொல்லை. வெளிநாட்டுத் தளத்தில் விலை குறைவாகத் தெரிந்தால் 15 சதவீத வாட் வரி, சுங்கம், கூரியர்காரரின் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: மகனுக்காக இணையத்தில் ஒரு “ஸ்டூடியோ செட்” வாங்கினேன். “48 வோல்ட் கண்டென்சர், எல்லாம் உள்ளே” என்று விளம்பரம். வந்ததில் ஒரு முனை எக்ஸ்எல்ஆர், மறுமுனை ஹெட்போன் பின் உள்ள கேபிள்தான் இருந்தது. குரல் மெலிதாகவும் ஒரே இரைச்சலாகவும் வருகிறது. பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். வந்து ஒன்பது நாள் ஆகிறது. – ஃபீனிக்ஸ் வாசகி

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை, அம்மா. உள்ளே இருப்பது சிறிய எலெக்ட்ரெட் கேப்சூல், அதாவது மின்னேற்றத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும், ஒலியைப் பிடிக்கும் பகுதி. கணினியின் மைக் துளை தரும் சில வோல்ட்டிலேயே அது எப்படியோ ஓடும். சத்தம் போதாமல் கணினியில் அளவைக் கூட்டும்போது இரைச்சலும் சேர்ந்து ஏறுகிறது. 48 வோல்ட் எல்லாம் உள்ளே என்று விளம்பரம் செய்துவிட்டு அதைத் தரும் கருவியை வைக்காமல் அனுப்பியது ஏமாற்று வேலை.

இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணமே சொல்லாமல் ஏழு நாளுக்குள் திருப்பலாம். 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம், 44-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. உங்களுக்கு அந்த நாள் தாண்டிவிட்டது, ஆனாலும் கவலை வேண்டாம். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56-ஆம் பிரிவுப்படி, குறையுள்ள பொருளையும் சொன்ன வேலைக்கு உதவாத பொருளையும் ஆறு மாதத்துக்குள் திருப்பலாம். பழுது பார்ப்பதா, மாற்றிக் கொடுப்பதா, பணத்தைத் திருப்புவதா என்று முடிவு செய்வது நீங்கள், கடைக்காரர் இல்லை. அனுப்பும் செலவும் அவருடையது. பெட்டியைத் திறந்துவிட்டீர்கள் என்பது இதற்கு ஒரு பதிலே ஆகாது.

இன்றே விளம்பரப் பக்கத்தைத் திரையில் படம் பிடித்து வையுங்கள், அவர்கள் வரிகளை மாற்றிவிடக்கூடும். வந்த பொருட்களை ஒன்றாகப் பரப்பி இன்னொரு படம் எடுங்கள். பிறகு மின்னஞ்சலில் 56-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, பணம் வேண்டும் என்று தேதி வைத்துக் கேளுங்கள். தொலைபேசியில் பேசினால் கையில் ஆதாரம் நிற்காது. மறுத்தால் நுகர்பொருள், சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். நுகர்வோர் புகாருக்கு அங்கே கட்டணம் இல்லை. விடாதீர்கள்.

கேள்வி: ஒரு மைக்கில் 20–20,000 ஹெர்ட்ஸ் என்றும் இன்னொன்றில் 30–18,000 என்றும் போட்டிருக்கிறது. முதலாவதுதானே நல்லது? – லெனேஷியா வாசகர்

பதில்: இல்லை. எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத வரை 20–20,000 என்பது வெறும் அலங்காரம். 10,000 ஹெர்ட்ஸில் குத்தென்று ஏறி, காதைக் கிழிக்கும் மைக்கிலும் அதே எண்ணைத்தான் அச்சடிக்கிறார்கள். “தங்க முலாம் பூசிய டயாஃப்ரம்” (ஒலி பட்டு அதிரும் மெல்லிய சவ்வு) என்பதும் அப்படித்தான். பெரிய டயாஃப்ரம் கண்டென்சர்களில் அது சாதாரணம், தரத்துக்கு அடையாளம் இல்லை.

நீங்கள் தேட வேண்டிய எண் சுய இரைச்சல். எந்தச் சத்தமும் இல்லாதபோது மைக்கே உண்டாக்கும் இரைச்சல் அது, ஏ-வெயிட்டட் (நம் காது உணரும் விதத்துக்கு ஏற்பக் கணக்கிட்ட) டெசிபலில் சொல்வார்கள், எண் குறைந்தால் நல்லது. ஏடி2020-க்கு 20, பி120-க்கு 19, ரோட் என்டி1-ஏ மைக்குக்கு 5. வாயிலிருந்து 15 செ.மீ. தூரத்தில் பாடும் குரலுக்கு 20 இருந்தாலும் கேட்காது, உங்கள் அறையின் இரைச்சலே அதற்கு மேல் இருக்கும். வீணையை மெல்ல மீட்டிப் பதிவதற்கும், ஆறேழு பேர் ஒரே மைக்கைச் சுற்றி உட்கார்ந்து பாடுவதற்கும் கதை வேறு. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும், அறைக்குள்ளும் பாடுபவரின் நேரடிக் குரல் அப்படித்தான் தேயும். குறைந்ததை ஈடுகட்ட அளவை ஏற்றினால் மைக்கின் இரைச்சலும் கூடவே ஏறும். அங்கே 10-க்குக் கீழே உள்ள மைக் வேண்டும்.

நாதஸ்வரமும் மேளமும் பதிபவர் தாங்கும் ஒலி அளவையும் பார்க்க வேண்டும். ஏடி2020 144 டெசிபல் வரை தாங்கும். பி120-இல் 20 டெசிபல் குறைக்கும் சுவிட்ச் இருக்கிறது.

மலிவுப் பெட்டிகள் பலவற்றில் சுய இரைச்சல் என்ற வரியே இருக்காது. வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் எண்ணை மறைத்துவிட்டு வேறு பத்து எண்களைத் தடித்த எழுத்தில் போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த எண்ணைச் சொல்லாத மைக்கை வாங்காதீர்கள்.

கேள்வி: புது மைக்கில் குரல் மந்தமாக, எங்கோ தள்ளி நின்று பாடுவது போலக் கேட்கிறது. பழுதா? – டோங்காட் வாசகர்

பதில்: மைக்கின் உச்சியைப் பார்த்துப் பாடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரிய டயாஃப்ரம் கண்டென்சர் மைக் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் கேட்கும். கையேட்டில் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று படம் போட்டிருக்கும், பெரும்பாலும் நிறுவனச் சின்னம் உள்ள பக்கம்தான். அதை உங்கள் வாய்க்கு நேரே திருப்புங்கள்.

கேள்வி: மூன்று மைக் மாற்றிவிட்டேன், எதிரொலி போகவில்லை. நான்காவதாக எதை வாங்கலாம்? – பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: எதையும் வாங்காதீர்கள். டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், வெறும் சுவர் என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல மைக் அந்த அறையை இன்னும் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான். கார்டியாய்டு மைக் தன் முதுகுப் பக்கத்தைக் குறைவாகக் கேட்கும், முன்னால் இருப்பதை எல்லாம் கேட்கும். ஆகவே கனத்த போர்வையோ மெத்தையோ பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தரைக்குக் கம்பளம். வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி போதும். முட்டை அட்டை ஒட்டிப் பயனில்லை.

கேள்வி: ஜனவரி மாதத்தில் பதிவில் பட் பட்டென்று வெடிப்புச் சத்தம். கேபிளை மாற்றியும் போகவில்லை. – இசிபிங்கோ வாசகி

பதில்: கடலோரக் கோடையின் ஈரம். கேப்சூலில் ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசிந்து இப்படி வெடிக்கும். மைக்கைக் கழற்றி, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஓரிரு நாள் வையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்டாண்டிலேயே விட்டுவிடாமல் டப்பாவுக்குள் வைப்பதைப் பழக்கமாக்குங்கள். பாப் ஃபில்டர் எச்சில் ஈரத்தையும் தடுக்கும். மலிவு ஸ்பாஞ்சு உறை வேண்டாம்: நான் வாங்கிய ஒன்று இந்த ஈரத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்து மைக் வலைக்குள் இறங்கியது.

கேள்வி: பழைய மைக் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. விற்பவர் “ஃபூட்ஸ்டூட்ஸ்” என்கிறார். வாங்கலாமா? – மெரிபேங்க் வாசகர்

பதில்: இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள், பிறகு வராதே என்று அர்த்தம். தனி ஆள் தன் பொருளை விற்கும்போது நான் மேலே சொன்ன ஆறு மாத உரிமை கிடையாது. குறையைத் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால்தான் வழி உண்டு, அது கடினம். அதனால் உங்கள் இன்டர்ஃபேஸையும் ஹெட்போனையும் கையோடு கொண்டுபோங்கள். 48 வோல்ட் போட்டு, ஒரு நிமிடம் யாரும் பேசாமல் பதிந்து, சத்தத்தை ஏற்றிக் கேளுங்கள். வெடிப்போ உறுமலோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். டார்ச் அடித்து வலைக்குள் டயாஃப்ரம் சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சோதிக்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: மின்வெட்டில் இன்வெர்ட்டரில் ஓட்டினால் பதிவில் “ம்ம்” என்று உறுமல். மைக் கோளாறா? – வெருலம் வாசகர்

பதில்: லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிந்து பாருங்கள். உறுமல் நின்றால் குற்றம் சார்ஜர் மேலும் இன்வெர்ட்டர் மேலும்தான். மலிவு இன்வெர்ட்டர்கள் சுத்தமான சைன் அலை தருவதில்லை. மைக் கேபிளை மின்கம்பியோடு சேர்த்துப் போடாதீர்கள்.

கேள்வி: காவடி மேடையில் பாட அதே கண்டென்சரைக் கொண்டுபோகலாமா? – சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: வேண்டாம், ஸ்பீக்கர் பக்கத்தில் கூவும். மேடைக்கு ஷூர் எஸ்எம்58 போன்ற, ஃபாண்டம் பவர் தேவைப்படாத டைனமிக் மைக் வாங்குங்கள்.

கேள்வி: எஸ்எம்58 சொருகியிருக்கும்போது தவறி ஃபாண்டம் பவரைப் போட்டுவிட்டேன். கெட்டுப்போயிருக்குமா? – டர்பன் வாசகர்

பதில்: இருபுறமும் எக்ஸ்எல்ஆர் உள்ள நல்ல கேபிள் என்றால் ஒன்றும் ஆகாது.