ரெடிமேட் போர்க்களம் வாங்குறீங்களா? கேள்வி-பதில்

மேஜை மேல குட்டி பொம்மைப் படைய நிறுத்தி டைஸ் உருட்டி சண்டை போடுற வார்கேம் ஆளுங்க பிரிட்டன்ல நிறைய, அதுல நம்மாளுங்களும் உண்டு. புல்லு, மேடு, ஆறு எல்லாம் செஞ்சு ரெடியா விக்கிற டெரைன் போர்டு வாங்கி முழிக்கிற கடிதமா வந்து குவியுது, அதனால இந்த வாரம் முழுக்க அதான்.

கே: பழைய ரெல்ம் ஆஃப் பேட்டில் பிளாஸ்டிக் போர்டு செட் ஒருத்தர் குடுக்குறார். இப்ப ஆடுற 40கே (வார்ஹாமர் 40,000) ஆட்டத்துக்கு அளவு சரி வருமா? (லெஸ்டர்)

வரும். கேம்ஸ் ஒர்க்‌ஷாப் விட்ட செட், 2 அடிக்கு 2 அடி டைல் 6, சேர்த்து வச்சா 6 அடிக்கு 4 அடி. 2020ல வந்த 9வது எடிஷன்ல இருந்து 2000 பாயின்ட் (படை எவ்வளவு பெருசுங்கிற கணக்கு) ஆட்டத்துக்கே 60க்கு 44 இன்ச் போதும், அதனால எல்லைக்கு ஒரு நூல் போட்டுட்டு மிச்ச இடத்துல செத்த பொம்மைய அடுக்கிக்கோங்க. ஆறு டைலும் ஒண்ணா சேர்ந்து இருக்குற மாதிரி ஒரே போட்டோ கேளுங்க, தனித்தனி போட்டோவ நம்பாதீங்க. மேட்டு சரிவுல பொம்மை நிக்காம வழுக்கும், அதைச் சொல்லி பேரம் பேசலாம்.

கே: புல்லு கலர் பிடிக்கலைன்னு புது தெர்மாகோல் போர்டுல கார் ஸ்ப்ரே அடிச்சேன், குழி குழியா உருகிடுச்சு. கடைக்காரர் மாத்தித் தருவாரா?

தர மாட்டார், தரவும் கூடாது. ஸ்ப்ரேல இருக்குற சால்வென்ட் தெர்மாகோல கரைக்கும், டப்பா பின்னாடி படிச்சிருக்கணும் நீங்க.

கே: சின்ன கம்பெனி வெப்சைட்ல ஸ்டாக்ல இருந்த பாலைவன போர்டு 4 வாங்கினேன். மேஜையில வச்சா ஓரமெல்லாம் விரல் நுழையுற அளவுக்கு தூக்கிட்டு நிக்குது. கேட்டா "கைவேலை சார், ரிட்டர்ன் கிடையாது"ங்கிறாங்க. (பர்மிங்ஹாம்)

வந்துட்டாங்கய்யா கைவேலைக்காரங்க. எனக்கு இந்த ஒரு வார்த்தைய கேட்டாலே பத்திக்கிட்டு வரும்.

கேளுங்க, ஆன்லைன்ல ஒரு வியாபாரிகிட்ட வாங்கினா, பொருள் கைக்கு வந்ததுல இருந்து 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம வேணாம்னு சொல்லலாம், 2013 கன்ஸ்யூமர் கான்ட்ராக்ட்ஸ் விதி அது. இதுல விலக்கு எதுக்குன்னா, "எனக்கு இந்த அளவுல, இந்த இடத்துல ஆறு வரணும்"னு நீங்க சொல்லி உங்களுக்குன்னே செஞ்ச பொருளுக்கு. கையால செஞ்சதுக்கு இல்ல! ஸ்டாக்ல இருந்ததை எடுத்து அனுப்பிட்டு கைவேலைன்னு சொன்னா அது விலக்குல வராது. இந்த 14 நாள் உரிமைய வாங்கும்போதே அவங்க உங்ககிட்ட சொல்லியிருக்கணும், சொல்லலைன்னா அந்த கெடு இன்னும் 12 மாசம் வரைக்கும் நீளும், இதை மெயில்ல எழுதிப் பாருங்க, டோன் மாறிடும்.

உங்க கேஸ்ல அதுகூட தேவையில்ல, ஏன்னா பொருளே பழுது. 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் சட்டப்படி 30 நாளுக்குள்ள திருப்பிக் குடுத்து முழுப் பணம் கேட்கலாம், சொல்லி செஞ்சதா இருந்தாலும் சரி. "கூரியர்காரன் வளைச்சுட்டான்"னு அடுத்த கதை வரும், உங்க கையில வந்து சேர்ற வரைக்கும் பொறுப்பு வித்தவரோடது. பொருளோட விலை 100 பவுண்டுக்கு மேல இருந்து, கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா செக்‌ஷன் 75ன்னு சொல்லி கார்டு கம்பெனிகிட்டயே கேட்கலாம்.

ஏன் வளையுதுன்னா மேல்பக்கம் மட்டும் பிவிஏ பசை, மணல், பெயின்ட்னு ஈரமா பூசுறாங்க, காயும்போது அந்தப் பக்கம் சுருங்குது, அடிப்பக்கம் சும்மா கெடக்குது, மெல்லிசு எம்.டி.எஃப் (மரத்தூள் பலகை) அப்பளம் மாதிரி ஆயிடும். ஒழுங்கா செய்றவங்க அடியிலயும் ஒரு கோட்டிங் குடுப்பாங்க. அதனால எப்பவும் அடிப்பக்க போட்டோ கேளுங்க.

நானும் ஒரு கண்காட்சியில ஒரு ஆத்து போர்டுக்கு ஆசைப்பட்டு காச குடுத்திருக்கேன், பார்க்க அப்படி ஒரு தண்ணி, ஆனா தண்ணிக்காக ஊத்தின ரெசின் சரியா இறுகவே இல்ல, கோடையில பாலம் பக்கத்துல வச்ச பீரங்கிய எடுத்தா அடி பேஸ் தனியா ஆத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்குது. கைவேலைதான் அதுவும். கார் ஷெட்டுல சாத்தி வச்சிருக்கேன், யாருக்கும் விக்க மனசு வரல.

கே: அண்ணை, முகநூல் குழு ஒண்டில நோர்மண்டி போர்ட் 6 துண்டு எண்டு போட்டிருந்தவர், 320 பவுண்ஸ் பாங்கால அனுப்பினனான். பிறகு ஆள் என்னை புளொக் பண்ணிப்போட்டார். அது வேற ஆற்றையோ படம் எண்டு இப்பதான் தெரியும். காசு போனதுதானோ? (ஈஸ்ட் ஹாம்)

போகல தம்பி, இன்னைக்கே உங்க பாங்குக்கு போன் போட்டு மோசடின்னு சொல்லுங்க, வெக்கப்பட்டு தள்ளிப் போடாதீங்க. ஏமாத்தி பாங்க் டிரான்ஸ்ஃபர் வாங்கினா பாங்க் பணத்தை திருப்பித் தரணும்னு 2024 அக்டோபர் 7ல இருந்து விதி இருக்கு, 85,000 பவுண்டு வரைக்கும், அதுல 100 பவுண்டு வரை அவங்க பிடிச்சுக்கலாம். 13 மாசத்துக்குள்ள கேட்கணும். அந்த விளம்பரம், சாட், வேற ஒருத்தரோட ஒரிஜினல் படம் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, அடுத்தவன் படத்தை போட்டு காசு வாங்கினது மோசடிங்கிறதுக்கு அதுவே நல்ல சாட்சி. "பொருள் லேட்டாகுது" டைப் தகராறுக்கு இந்த விதி உதவாது, உங்களுது அது இல்ல.

மத்தவங்களுக்கும் சேர்த்து: பேபால்ல ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலியா அனுப்புங்கன்னு முகம் தெரியாதவன் கேட்டா அனுப்பாதீங்க, அதுக்கு பேபால் பாதுகாப்பு கிடையாது.

கே: 15 எம்.எம் (பொம்மை உயரம்) கிராமத்து போர்டு சல்லிசா வருது, என்கிட்ட 28 எம்.எம் படை இருக்கு. சமாளிக்கலாமா?

வீட்டுக் கதவு உங்க சிப்பாய் இடுப்புக்குத்தான் வரும். வேணாம்.

கே: இங்கிலாந்துல இருந்து 2 அடி தெர்மாகோல் டைல் 6 சென்னைக்கு வரவழைக்கணும். வெயிட்டே இல்ல, ஆனா கூரியர்ல 21 கிலோக்கு மேல சார்ஜ் போடுறாங்க, ஏமாத்துறாங்களா?

இல்லைங்க. பெட்டி நீளம் அகலம் உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுப்பாங்க, 60க்கு 60க்கு 30ன்னா 21.6 கிலோ, உள்ள காத்து இருந்தாலும் அதே கணக்கு. சுருட்டி வர்ற நியோப்ரீன் ரப்பர் விரிப்பும் பிரிச்சு தட்டையா வர்ற எம்.டி.எஃப் வீடும் வாங்குங்க, மேடு குன்றெல்லாம் இன்சுலேஷன் ஷீட் வாங்கி அங்கயே வெட்டிக்கலாம்.

கே: லண்டன் சலூட் வார்கேம் ஷோல நேர்ல பார்த்து வாங்கிட்டா பிரச்சினை இல்லைதானே?

தடவிப் பார்த்து வாங்கலாம், அது பெரிய வசதி. ஆனா நேர்ல கடையில வாங்கினா அந்த 14 நாள் வாபஸ் கிடையாது, பழுதுன்னா மட்டும்தான் பேச்சு. பிரிங் அண்ட் பை மேஜையில (ஆளுங்க அவங்கவங்க பழைய பொருள கொண்டாந்து விக்கிற இடம்) தனி ஆள் விக்கிறதுக்கு அதுவும் இல்ல, சொன்ன மாதிரி இருந்தா போதும், அதனால கேள்விய எல்லாம் காசு குடுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க. அப்புறம் ஷோ நடக்குற எக்ஸெல் அரங்குல இருந்து 4 அடி போர்ட தூக்கிக்கிட்டு சனிக்கிழமை சாயங்காலம் எலிசபெத் லைன் ரயில்ல ஏறாதீங்க, 2 அடி டைலா பார்த்து எடுங்க.