அந்த 38 குடும்பம் எங்க?

கேள்வி: தென்மாவட்டத்துல ஒரு சிஎஸ்ஐ சேகரத்துக்கு (ஒரு போதகர் பொறுப்புல இருக்கிற சபைகளுக்கு) நான் செயலாளர். ரசீது, ஆடிட், கமிட்டின்னே காலம் போகுது. ஆண்டவர் சீஷராக்குங்கன்னுதானே சொன்னார்? பதவியை விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகலாமா? ரெஜிஸ்டரைக்கூட கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன், மூணு வருஷமா சந்தா கட்டாத 38 குடும்பத்தோட பேரையும் அதுல இருந்து நீக்கிட்டேன், அடுத்து வர்றவருக்கு சுலபமா இருக்கும்.

பதில்: தம்பி, ஜெபிச்சு முடிவெடுங்கன்னு நான் சொல்லப் போறதில்ல. அந்த 38 குடும்பத்தைப் பத்தி போற போக்குல ஒரு வரி எழுதிட்டீங்க, எனக்கு அதைத் தாண்டிப் படிக்க முடியல. ஒரு வீட்டுக்காவது போய் ஏன் கட்டலன்னு கேட்டீங்களா? புருஷன் தவறியிருக்கலாம், திருப்பூருக்குப் பொழைக்கப் போயிருக்கலாம், சபை ஐயர்கிட்ட, அதாவது போதகர்கிட்ட, மனஸ்தாபம் வந்து கோயிலுக்கே வராம இருக்கலாம். சபைத் தேர்தல் ஓட்டு லிஸ்ட்ல பேர் இருக்க சந்தா கட்டணும், சரி, அது எலக்‌ஷனுக்கு. சபை ரெஜிஸ்டர்ல இருக்கிறது ஞானஸ்நானம் எடுத்த தேதி, திடப்படுத்தல் (வளர்ந்தப்புறம் விசுவாசத்தை உறுதி பண்ற சடங்கு) எடுத்த தேதி. காசு அனுப்பலன்னு எந்த அப்பனாவது பிள்ளை பேரை ரேஷன் கார்டுல இருந்து எடுப்பானா?

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுங்க. எருசலேம்ல கிரேக்கம் பேசின யூத விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாடு சரியா போய்ச் சேரலன்னு முறுமுறுப்பு, அதைப் பாக்க ஏழு பேரை நியமிச்சாங்க, 7ஆம் வசனத்துலயே சீஷருடைய தொகை மிகவும் பெருகிற்றுன்னு வருது. அந்த ஏழு பேர்ல ஒருத்தர்தான் பிலிப்பு, சமாரியாவுல போய் பிரசங்கம் பண்ணவர். பின்னாடி பிஷப் ஆன நம்ம ஊர் அசரியாவும் ஒய்எம்சிஏ செயலாளரா இருந்துகிட்டேதான் 1903ல பாளையங்கோட்டைல இந்தியன் மிஷனரி சொசைட்டி தொடங்க முன்னாடி நின்னார், செயலாளர் வேலை அவருக்குத் தடையா இருக்கல. கையில கொடுத்த ஆடுகளைத் தேடாதவர் புதுசா யாரைப் போய் சீஷராக்கப் போறீங்க, எனக்குப் புரியல.

முதல்ல அந்தப் பேரையெல்லாம் திரும்ப ஏத்துங்க. அடுத்த கமிட்டில காம்பவுண்டு சுவர் எஸ்டிமேட்டுக்கு முன்னாடி அந்த லிஸ்ட்டை வாசிங்க, மெம்பருக்கு மூணு நாலு வீடுன்னு பிரிச்சுக் கொடுங்க, வெளியூர் போனவங்களை அங்க இருக்கிற சபைக்கு லெட்டர் கொடுத்து சேர்த்து விடுங்க. போறப்ப ரசீது புக்கை வீட்லயே வெச்சுட்டுப் போங்க. உங்க மனைவியையும் கூட்டிட்டுப் போங்க, தனியா இருக்கிற அம்மாமார் ஆம்பளைங்க மட்டும் வந்து உக்காந்தா வாயே திறக்க மாட்டாங்க.