சாரை வந்தால் நாகமும் வருமா?

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்து காலி சைட் முழுக்கக் குப்பை. போன வாரம் 6 அடி நீளத்தில் ஒரு பாம்பு பட்டப்பகலில் காம்பவுண்டு ஏறிப் போனது. வாட்ச்மேன் ‘கேரே ஹாவு, ஒன்றும் செய்யாது’ என்கிறார். மாமியாரோ, சாரை இருக்கிற இடத்துக்கு இணை சேர நல்ல பாம்பு வரும், ஆள் வைத்து அடி என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி

பதில்: வாட்ச்மேன்தான். கேரே ஹாவு என்று கன்னடத்தில் சொல்வது நம் சாரையைத்தான், விஷம் துளியும் கிடையாது. சாரையும் நாகமும் வேறு வேறு இனம், இணை சேராது. ஊரில் இரண்டு பாம்பு முறுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றால் மேலே துண்டை வீசி, அதை எடுத்துப் பெட்டியில் வைப்பார்களே, அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம், ஒன்றின் தலையை மற்றது தரையோடு அமுக்கப் பார்க்கும். அதைத்தான் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

தள்ளி நின்றே பாருங்கள். ஒடுங்கிய தலை, பெரிய கண், உதட்டோரம் பேனாவால் கீறியது போலக் கறுப்புக் கோடுகள் இருந்தால் சாரை. படம் எடுக்காது. மூலையில் மாட்டினால் கழுத்தை உப்பிக்கொண்டு உறுமும், கையை நீட்டினால் கடிக்கவும் கடிக்கும். சந்தேகம் இருந்தால் கிட்டவே போகாதீர்கள்.

அது வந்தது எலிக்காக. பூனை நுழைய முடியாத வளைக்குள்ளும் புகுந்து, கண் திறக்காத குஞ்சு வரை தின்றுவிடும். மலைப்பாம்பு மாதிரிச் சுற்றி இறுக்காது, உடம்பால் அமுக்கிப் பிடித்து அப்படியே விழுங்கும். இதை அடித்துப் போட்டால் எலி மட்டும் மிஞ்சும், அந்த எலியைத் தேடித்தான் நல்ல பாம்பு வரும். மாமியார் பயந்தது அப்போது நிஜமாகவே நடந்துவிடும். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அடிப்பது குற்றமும்கூட. முதலில் குப்பையை அள்ள ஏற்பாடு செய்யுங்கள், சாக்கடை வாய்க்குக் கம்பிவலை போடுங்கள். வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் அந்த அறைக் கதவைச் சாத்தி, அடியில் துணி அடைத்துவிட்டு வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சாரைக்கு வாலில் விஷமாமே?
– இன்னொரு வாசகர், அல்சூர்

பதில்: எந்தப் பாம்புக்கும் விஷம் பல் வழியாகத்தான். சாரைக்கு அங்கேயும் இல்லை.