வாசகர் கேள்வி – பதில்: மணிச்சங்கிலிக் கண்கள்

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் கரையோரங்களில் ஃபிளை தூண்டிலால் மீன் பிடிக்கிறேன். தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் வைத்து இரைகளை நானே கட்டுகிறேன். இரையின் தலையில் ஈயக் கண் வைத்தால் இரை விழும் சத்தத்தில் மீன் கலைகிறது. கண் இல்லாவிட்டால் இரை தாழ்வதில்லை. திறப்புக் கோர்வைகளில் தொங்கும் மணிச்சங்கிலியை வெட்டி, இரண்டிரண்டு மணிகளாகக் கண்ணாகக் கட்டலாமா? கட்டிய கண் சுழலாமல் இருக்க என்ன வழி?
– வாசகர், கல்லடி

பதில்: தாராளமாகக் கட்டலாம். ஆழம் குறைந்த நமது வாவி ஓரங்களுக்கு ஈயத்தைவிட மணிச்சங்கிலியே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் பாரமே தங்கூசியை (நைலோன் தூண்டில் நூலை) இழுத்துச் செல்கிறது. ஃபிளை தூண்டிலிலோ தடித்த கயிற்றின் பாரம்தான் இரையைக் கொண்டுசெல்கிறது என்பதால், இரை பாரமாகும்போது வீச்சுத் தடுமாறும். சங்கிலி மணிகள் உள்ளே வெற்றிடமானவை. ஆகவே அவை மெதுவாக விழுந்து, மெதுவாகவே தாழும். 1970களின் பிற்பகுதியில் பஹாமாஸின் அன்ட்ரோஸ் தீவில், வழிகாட்டி சார்லி ஸ்மித்துடன் மீன் பிடித்த பொப் நோஹைம் உருவாக்கிய ‘கிரேசி சார்லி’ என்னும் இரை, முழங்காலளவு நீரில் மேயும் மீனுக்காக இத்தகைய கண்களுடன் கட்டப்பட்டுப் புகழ்பெற்றது.

கண் வெறும் அலங்காரமன்று. முள்ளின் கூருக்கு எதிர்ப்புறமாக, தண்டின் மேல் அதைக் கட்டினால், பாரம் கீழே வர முள் தலைகீழாகப் புரண்டு கூர் மேல்நோக்கி நிற்கும்; கண்டல் வேரும் நீர்ப்பூண்டும் நிறைந்த இடங்களில் இதனால் சிக்குவது வெகுவாகக் குறையும். மயிரை அளவோடு கூரின் பக்கமாகக் கட்டுங்கள். 6ஆம் இலக்க முள்ளுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் மணி போதுமானது. கொடுவாவுக்கென்று பெரிய, தடித்த முள்ளில் கட்டும்போது அந்தச் சிறு பாரம் முள்ளைப் புரட்டாமற் போகலாம். அங்கே பாரமான உலோகக் கண்ணே வேண்டும். கட்டி முடித்ததும் வாளி நீரில் விட்டு, எப்படிப் புரள்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திறப்புக் கோர்வைகளில் தொங்குவதே மணிச்சங்கிலி. ஹாட்வெயார் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். காந்தத்தில் வலுவாக ஒட்டுவது பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு. உப்பு நீரில் அது விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு முதல் தெரிவு, பித்தளை அடுத்தது. அலுமினியச் சங்கிலியில் பாரம் போதாது. இரண்டு மணிகளும் நடுவிலுள்ள இணைப்பும் சேதமடையாதபடி, அவற்றுக்கு வெளியே உள்ள இணைப்புகளைக் குறட்டால் வெட்டுங்கள். துண்டு தெறித்து உங்கள் கண்ணைக் காயப்படுத்தக்கூடும். ஆகவே துணிக்குள் வைத்து வெட்டுவது அவசியம்.

கண் சுழல்வதற்குக் காரணம், வழுவழுப்பான வெறும் தண்டில் அதை நேரே வைத்துக் கட்டுவதுதான். முதலில் தண்டில் நூலை நெருக்கமாகச் சுற்றி ஒரு படுக்கை அமையுங்கள். முள்ளில் தங்கூசி கட்டும் வளையத்துக்குச் சற்றுப் பின்னால், தலை முடிச்சுக்கு இடம் விட்டு, மணிச்சோடியைக் குறுக்கே வைத்து, எட்டு வடிவில் மாறி மாறி இறுக்கிச் சுற்றுங்கள். அதன்பின், மணிகளுக்குக் கீழாகவும் தண்டுக்கு மேலாகவும் நூலைக் கிடையாகச் சில சுற்றுகள் இழுத்துச் சுற்றினால், முன்பு போட்ட சுற்றுகள் எல்லாம் ஒன்றாக நெருக்கப்பட்டு இறுகும். பலரும் தவறவிடும் இந்தக் கிடைச்சுற்றுத்தான் கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. இறுதியில் ஒரு துளி சுப்பர் குளூ விட்டு, காய்ந்த பின்னரே மயிரைக் கட்டுங்கள்.

கேள்வி: இறால் போன்ற இரைக்குத் தங்கூசியை எரித்துக் கண் செய்யலாமா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: செய்யலாம். தடித்த தங்கூசித் துண்டின் நுனியைச் சுடரருகே பிடித்தால் உருகி உருண்டையாகும். ஆனால் அதில் பாரமே இல்லை, முள் புரளாது. நீர்மட்டத்தை ஒட்டி இழுக்கும் இரைகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.