நாய்க்கடி: தடுப்பூசி போட்டபின் கடிவாயில் சீரம் ஊசி எதற்கு?

கேள்வி: எட்டு வயது மகனைத் தெருநாய் கெண்டைக்காலில் கடித்து நான்கு நாள் ஆகிறது. இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்துக் கட்டி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு கையிலும் தடுப்பூசி போட்டோம். நேற்று இரண்டாவது தவணையும் போட்டாயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கடிவாயில் சீரம் ஊசியும் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். பையனுக்குச் சளி, காய்ச்சல்கூட அடிக்கடி வராது. நல்ல எதிர்ப்பு சக்தி. புண்ணும் காய்ந்துவிட்டது. அதில் மறுபடி ஊசி குத்த வேண்டாம் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். அவசியம்தானா? எடை 22 கிலோ.

பதில்: அவசியம். இன்றே அழைத்துப் போங்கள். முதல் தவணை போட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள் அந்தச் சீரத்தைப் போட்டாக வேண்டும். உங்களுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. மற்றதைப் போகும் வழியில் படித்துக்கொள்ளலாம்.

உங்கள் மகனின் எதிர்ப்பு சக்தி நன்றாகவே இருக்கலாம். ஆனால் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) விஷயத்தில் அது தானாக விழித்துக்கொள்வதில்லை. முள் குத்தினால் என்ன ஆகிறது? கிருமிகள் பெருகித் திசுவைச் சிதைக்கின்றன. அந்தச் சிதைவே உடலுக்கு அபாய மணி. சில மணி நேரத்தில் வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன. இடம் சிவந்து, சூடாகி, வீங்கிச் சீழ் பிடிக்கிறது. ரேபிஸ் வைரஸ் இப்படி எதையும் செய்யாது. எச்சிலோடு சிறிதளவே உள்ளே போய், தசைச் செல்களைக் கொல்லாமல் தங்கி, நரம்பு தசையோடு சேரும் இடத்தில் நரம்புக்குள் ஏறிவிடும். நரம்புக்குள் போனபின் ரத்தத்தில் சுற்றும் காவலர்களால் அதை எட்ட முடியாது. நோய்க்குறி தோன்றும்வரை பெரும்பாலும் ரத்தத்தில் வைரஸைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) ஒன்றுகூட உருவாகியிருக்காது. அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற மருந்தும் இல்லை. ஆகவே நரம்புக்குள் ஏறுவதற்கு முன், கடிவாயிலேயே வைரஸை மடக்க வேண்டும்.

அப்படியானால் தடுப்பூசி என்ன செய்கிறது? அதில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். தோலுக்குள் 0.1 மில்லிதான் போடுகிறார்கள். இவ்வளவு கொஞ்சமா என்று பலரும் சந்தேகப்படுகிறார்கள். தோலில் ஒற்றர் செல்கள் நெருக்கமாக இருப்பதால் அதுவே போதும். அவை வைரஸின் துணுக்குகளை எடுத்துக்கொண்டு அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகும் (நெறி கட்டியிருக்கிறது என்று சொல்வோமே, அதே முடிச்சுதான்). அங்கே உதவி டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் அந்தத் துணுக்கை அடையாளம் கண்டு, அதற்குப் பொருந்துகிற பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களைத் தூண்டுகின்றன. பொருந்துபவை வெகு சிலவே. அவை ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகி, பிறகுதான் எதிர்ப்புரதத்தை உற்பத்தி செய்யும். எவ்வளவு திடகாத்திரமான உடலானாலும் இதற்கு 7 முதல் 14 நாள் பிடிக்கும். ராகிக் கூழோ கஷாயமோ அந்தக் கணக்கைக் குறைக்காது.

இந்த இடைவெளியில்தான் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம். இதை அடைப்பதற்குத்தான் சீரம். ஏற்கெனவே தடுப்பூசி போட்ட குதிரையிடமிருந்தோ மனிதர்களிடமிருந்தோ எடுத்துச் சுத்திகரித்த, தயார்நிலையில் உள்ள எதிர்ப்புரதம் அது. இம்யூனோகுளோபுலின் என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். பல் பட்ட ஒவ்வொரு குழியிலும் அதைச் சுற்றிலும் செலுத்தினால், அங்கே இருக்கும் வைரஸைப் போர்த்திக்கொண்டு நரம்பில் ஒட்டவிடாமல் தடுக்கும். குதிரைச் சீரம் கிலோவுக்கு 40 யூனிட். உங்கள் மகனுக்கு 880. மில்லிக்கு 300 யூனிட் உள்ள குப்பியானால் ஏறக்குறைய 2.9 மில்லி. மனிதச் சீரம் கிலோவுக்கு 20 யூனிட், 440 போதும். அளவைக் கூட்டக் கூடாது. கூடினால் தடுப்பூசியின் வேலையைக் கெடுக்கும். ஏழு நாள் வரம்புக்கும் இதே காரணம்தான். அதற்குப் பிறகு உடல் சொந்தமாகத் தயாரிக்கத் தொடங்கியிருக்கும். வெளியிலிருந்து வருவது அதை மட்டுப்படுத்திவிடும்.

புண் காய்ந்திருந்தாலும் அந்த இடத்தில் போடத்தான் வேண்டும். இடுப்பில் மட்டும் போட்டு அனுப்பினால் பயன் குறைவு. கடிவாயில் போடும்படி கேளுங்கள். குதிரைச் சீரம் என்றால் வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள். சிலருக்கு ஒவ்வாமை வரக்கூடும் என்பதால், போட்டபின் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். வலிக்கும், அதை மறைப்பதற்கில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள்.

மஞ்சள் வைத்தது தவறு. சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் கூடாது. எரிச்சலூட்டிப் புண்ணைப் பெரிதாக்கும். செய்ய வேண்டியிருந்தது, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். இப்போதும் ஒருமுறை மென்மையாகக் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த தவணைகள் முதல் ஊசியிலிருந்து 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும். ஒரு நாள் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், மறுநாளே போய் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். நாய் பத்து நாள் நன்றாக இருந்தால் ஆறுதல்தான்; ஆனாலும் அதைப் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாது. கறி, முட்டை, கத்தரிக்காய் என்று பத்தியம் எதுவும் வேண்டாம். பையன் ஸ்டீராய்டு போன்ற மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறான் என்றால் மட்டும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தோலுக்குள் போடாமல், தசையில் ஐந்து தவணை போட வேண்டியிருக்கும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயமும் இனி வேண்டாம். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்து நாட்டில் நிறுத்தப்பட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன.

ஊசி அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான்கு தவணையும் முடிந்தால் அவன் உடலில் நினைவு செல்கள் தங்கிவிடும். பின்னாளில் இன்னொரு நாய் கடித்தால், அந்த அட்டையைக் காட்டினால் சீரம் தேவைப்படாது. கழுவிவிட்டு, அன்றும் மூன்றாம் நாளும் ஒவ்வொரு ஊசி போட்டால் போதும்.